விலையில்லா மென்பொருளும் மலையகப் பாடசாலையும்

மலையகத் தொழிலாளர் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றுக்கு நிலம் சொந்தமில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்துவரும் லயத்து அறையும் சொந்தமில்லை. பெற்றோர் தம் மக்களுக்கு விட்டுச்செல்லக்கூடிய சொத்து கல்வி ஒன்றே. அச்சொத்தும் எளிதிற் கிட்டியதன்று. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத் துரைமாரின் பொறுப்பில் விட்டது. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்ற அளவிலேயே அப்பாடசாலைகள் நெடுங்காலம் நின்றன. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி பிறந்தபோதும் அதன் முழுப்பயன் மலையேறி வரவில்லை. 1970களிலேதான் தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரசின் கைக்கு வரத் தொடங்கின. அதன் பின்னர் அந்நிய நாடுகளின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. கொட்டகலையை அடுத்த பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றி ஆசிரியர்களைப் பயிற்றலாயிற்று. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் தொகை சிறுகச் சிறுக ஏறிற்று.

இவ்வாறு ஏறிய படிகள் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆட்டங் கண்டன. கொள்ளைநோய் காரணமாக நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மூடியும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2022இல் எரிபொருட் பஞ்சமும் மின்வெட்டும் மீண்டும் பாடசாலைக் கதவுகளைச் சாத்தின. “வீட்டிலிருந்தே கற்க” என்று எங்கும் கூறப்பட்டது. எதைக்கொண்டு கற்பது, எங்கே கற்பது என்ற வினாக்களுக்கு மலையகத்திலே தக்க விடை கிடைக்கவில்லை.

நோய் தணிந்தது. வினாக்கள் தணியவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி வீசியபோது, மலையகத்தில் மண்சரிவுகளால் வீதிகளும் மின்கம்பிகளும் தொலைபேசி இணைப்புகளும் அறுந்தன. பாடசாலை நின்றுபோகும் நாட்கள் இனியும் வரும் என்பதையே இது காட்டுகிறது. ஆகவே, பாடசாலைகளுக்கு ஏற்றவை என்று உலகெங்கும் பேசப்படும் ‘திறந்தமூலக் கற்றல் முகாமைத்துவ மென்பொருள்’ மலையகத்துக்கு எவ்வளவு பயன்படும், எங்கே கைகொடாது என்பதை ஆராய்வது பெற்றோருக்கும் மாணவர்க்கும் பயனுடையதாகும் எனக் கருதுகிறோம்.

பெயர் நீளம், பொருள் எளிது

ஒரு பாடசாலையிலே கரும்பலகை உண்டு. பாடக்குறிப்பு, பயிற்சிக் கொப்பி, வினாத்தாட் கட்டு, வரவுப் பதிவேடு, புள்ளிப் பதிவேடு, அறிவித்தற் பலகை ஆகியனவும் உண்டு. இவை அனைத்தையும் ஒரு கணினிக்குள் ஒழுங்குபட வைத்து, மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, அவரவர் தம் வகுப்புக்குள் நுழைந்து பயில வழிசெய்வதே கற்றல் முகாமைத்துவ மென்பொருள். ஆசிரியர் பாடத்தை இடுகிறார். மாணவர் படித்து, வினாக்களுக்கு விடை எழுதுகிறார். பலவிடைத் தேர்வு வினாக்களை மென்பொருளே திருத்திப் புள்ளியிடுகிறது. எந்த மாணவர் எந்தப் பாடத்தைத் திறக்கவே இல்லை என்பதும் ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது.

இனித் ‘திறந்தமூலம்’ என்பது யாது? மென்பொருள் எதற்கும் அடிப்படையாக உள்ளவை அதனை ஆக்கியோர் எழுதிய கட்டளை வரிகள். வணிக நிறுவனங்கள் பெரும்பாலும் அவ்வரிகளைப் பூட்டி வைத்துக்கொள்ளும். திறந்தமூல மென்பொருளில் அவ்வரிகளை எவரும் படிக்கலாம். தம் தேவைக்கேற்ப மாற்றலாம். மாற்றியதைப் பிறருக்கும் வழங்கலாம். இவ்வுரிமை உரிமப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

இலவசம் வேறு, திறந்தமூலம் வேறு என்பதை மாணவர்கள் மனங்கொள்ளல் வேண்டும். கூகுள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘கிளாஸ்ரூம்’ பாடசாலைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் மூலம் திறந்ததன்று. அதன் விதிகளை வகுப்பது அந்நிறுவனமே. கல்வி நிறுவனங்களுக்கு எல்லையின்றி வழங்கிவந்த சேமிப்பிடத்துக்கு இனி வரம்பு உண்டு என அந்நிறுவனம் 2021இல் அறிவித்தபோது, உலகெங்கும் பாடசாலைகள் அதற்கு இணங்கியே ஆகவேண்டியிருந்தது. விருந்தாளியாய் இருக்கும் வீட்டில் அறையின் அளவை நாம் தீர்மானிக்க முடியாதன்றோ!

பாலைநிலத்திலிருந்து வந்த கருவி

இவ்வகை மென்பொருள்களுள் உலகப் புகழ் பெற்றது ‘மூடில்’. அது பிறந்த வரலாறு மலையக வாசகர்களுக்குச் சுவையூட்டும். அதனை ஆக்கிய மார்ட்டின் டோகியாமாஸ் மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலத்தில், நகரங்களுக்கு மிகத் தொலைவான ஒரு குடியேற்றத்தில் வளர்ந்தவர். செல்வதற்குப் பாடசாலை அருகில் இல்லை. ‘வான்வழிப் பாடசாலை’ என்னும் ஏற்பாட்டின்படி, சிற்றலை வானொலி வாயிலாகவே அவர் பாடங் கேட்டார். ஆசிரியரின் முகங்காணாத அச்சிறுவர், பின்னாளில் பேர்த் நகரின் கேட்டின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, தொலைவிலுள்ள மாணவர்க்கும் வகுப்பறை கிட்டவேண்டும் என்ற எண்ணத்துடன் இம்மென்பொருளைக் கட்டினார். 2002 ஆகஸ்டில் அதன் முதற் பதிப்பு வெளிவந்தது. இன்று 100க்கு மேற்பட்ட மொழிகளில் அது வழங்குகிறது.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிப் பிரிவின் வெளிவாரிப் பட்டப்படிப்பும், திறந்த பல்கலைக்கழகமும் மூடிலைப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றன. கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளமும் மூடிலைக் கொண்டே கட்டப்பட்டது. பழைய தட்சசீலத்தின் பெயரை நினைவூட்டும் அத்தளத்தில், முதலாந் தரம் முதல் 13ஆந் தரம் வரையான பாடங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் உள்ளன.

இங்கே ஒரு செய்தியை உற்றுநோக்கல் வேண்டும். 2020இல் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் ஒரே வேளையில் மூடப்பட்டன. பல்கலைக்கழகங்கள் சில வாரங்களுள் இணையவழிக் கற்பித்தலுக்கு மாறின. அவற்றிடம் மென்பொருள் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. அதைக் காக்கும் ஊழியர் இருந்தனர். ‘லேர்ன்’ என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, தொலைபேசி நிறுவனங்களின் துணையுடன் மாணவர்க்குக் கட்டணமின்றி வழி திறந்தது. பாடசாலை மாணவர்க்கும் ஈ-தக்சலாவ கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. இருந்தும் பெரும்பாலான பாடசாலைகள் வட்ஸ்அப் குழுக்களையே நாடின. ஆசிரியர் குறிப்பைக் கையால் எழுதி, படம் பிடித்து அனுப்பினார். பிள்ளை அதைக் கொப்பியில் எழுதி, படம் பிடித்துத் திருப்பி அனுப்பிற்று. இரண்டு இடத்திலும் மென்பொருள் ஒன்றே. விளைவு ஏன் வேறாயிற்று? நன்மை தீமைகளை எடைபோட்டால் விடை தானே புலப்படும்.

நன்மைகள்

முதலாவது நன்மை, உரிமக் கட்டணம் இல்லை என்பது. மாணவர் ஒருவருக்கு இவ்வளவு டொலர் என்று ஆண்டுதோறும் கட்டவேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த ஒரு டொலர், சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. டொலரிற் கட்டணங் கட்டும் எந்த ஏற்பாடும் அவ்வாண்டில் பாடசாலையின் கழுத்தை நெரித்திருக்கும். வகுப்பில் 20 பேர் இருந்தாலும் 200 பேர் இருந்தாலும் மூடிலுக்கு உரிமக் கட்டணம் ஒன்றே. அது பூச்சியம்.

இரண்டாவது நன்மை, ஆசிரியரின் உழைப்பு ஓரிடத்தில் முடங்காதிருத்தல். தமிழ்மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியர்களின் பற்றாக்குறை மலையகத்தின் பழைய நோய். ஹட்டனில் ஒரு நல்ல இரசாயனவியல் ஆசிரியை இருக்கிறார் என வைத்துக்கொள்வோம். அவர் அமைத்த பாடம் முழுவதையும், வினாக்களும் விடைகளும் உட்பட, மூடில் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். அதை ஒரு பென்டிரைவில் இட்டு, பஸ்ஸிலே மஸ்கெலியாவுக்கோ பொகவந்தலாவைக்கோ அனுப்பினால், அங்குள்ள பாடசாலை அதைத் தன் கணினியில் விரித்து அப்படியே பயன்படுத்தலாம். அங்குள்ள ஆசிரியர் தம் மாணவர்க்கேற்பத் திருத்தவும் செய்யலாம். இதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது நன்மை வினாவங்கி. ஆசிரியர்கள் ஆண்டுதோறும் ஆக்கும் தவணைப் பரீட்சை வினாக்கள் அலுமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றைப் பாடவாரியாகச் சேமித்துவைத்தால், மென்பொருள் ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு வினாக்களைப் பொறுக்கித் தரும். விடை பிழைத்தால், எங்கே பிழைத்தது என்ற விளக்கத்தையும் உடனே காட்டும். தனிவகுப்புக்குப் பணங் கட்ட இயலாத பிள்ளைக்கு, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் இத்தகைய பயிற்சி பெருந்துணையாகும்.

நான்காவது, பதிவுகள் நம்மிடமே இருத்தல். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, புள்ளிகள், வகுப்பில் அவர் கேட்ட கேள்விகள் யாவும் அந்நிய நாட்டு நிறுவனத்தின் களஞ்சியத்தில் அல்லாமல், நம் மாகாணத்துக் கணினியிலே இருக்கச் செய்யலாம். 2022இல் நம் நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியுள்ளது. சிறுவர் பற்றிய விவரங்கள் எவர் கையில் உள்ளன என்று பெற்றோர் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

ஐந்தாவது நன்மை மாணவர்க்கே உரியது. மூடியுள்ள கருவியைப் பயன்படுத்துவோர் பயனாளராகவே இருப்பர். திறந்துள்ள கருவியைப் பயன்படுத்துவோர் அதன் உள்ளமைப்பையும் கற்றுக்கொள்ளலாம். 2004 சுனாமியின்போது, காணாமற் போனோரைத் தேடவும் முகாம்களுக்கு உதவிகளை ஒழுங்குபடுத்தவும் இலங்கை இளைஞர்கள் ‘சஹானா’ என்ற திறந்தமூல மென்பொருளை ஆக்கினர். பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் அது பயன்பட்டது. அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்கான தன் 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு அளித்தது. கொழும்பு இளைஞருக்கு முடிந்தது கொட்டகலை இளைஞருக்கு ஏன் முடியாது?

குறைகள்

நன்மைகளை மட்டும் அடுக்கிவிட்டு நிறுத்துவது விளம்பரமாகுமேயன்றி ஆராய்ச்சியாகாது. குறைகளை இருவகையாகப் பிரித்துக் காண்போம். இணையவழிக் கல்வி எதற்கும் பொதுவான குறைகள் ஒருவகை. திறந்தமூலத்துக்கே சிறப்பாக உரியவை மற்றொருவகை.

பொதுவான குறைகள் எல்லோரும் அறிந்தவை. நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டிலேதான் கணினி உண்டு. தோட்டப்புறங்களில் அந்த அளவும் இல்லை. வீட்டில் இருப்பது ஒரு கைத்தொலைபேசி. காலையில் அது தந்தையோடு வேலைக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகளுக்கும் இரவில் ஒரு மணி நேரம் முறைவைத்துக் கிடைக்கும். 2021 மார்ச்சில் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் வெளிவந்தது. அத்தொகையும் எல்லார் கைக்கும் எல்லா நாளும் எட்டவில்லை. அரிசிக்கும் மாவுக்கும் போக மீதியில்தான் இணையத்துக்கான ரீலோட். பணம் இருந்தாலும் மலைமடிப்புகளிலே அலை எட்டுவதில்லை. 2021இல் பதுளை மாவட்டத்தின் போஹிடியாவ என்னும் சிங்களக் கிராமத்தில், மாணவரும் ஆசிரியையும் அலைதேடிப் பாறையேறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. மலை இனமும் மொழியும் பார்த்து மறைப்பதில்லை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதையும் நாம் மறக்கவில்லை. இக்குறைகளுக்கு எந்த மென்பொருளையும் பழிகூற முடியாது. ஆயினும், இவற்றை எண்ணாமல் எந்த மென்பொருளையும் தேர்ந்தெடுக்கலாகாது.

இனித் திறந்தமூலத்துக்கே உரிய குறைகளுக்கு வருவோம். இவற்றுள் தலையாயது பராமரிப்பு. விலைகொடுத்து வாங்கிய சேவையில், கணினியைக் காப்பதும் பழுதுபார்ப்பதும் விற்றவர் வேலை. மூடிலை நாமே நிறுவினால் அவை நம் வேலை. அதை இயக்கும் சேவையகக் கணினி இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பு வருகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் இடையிடையே வருகின்றன. அவற்றை உடனுக்குடன் இடாவிட்டால், மூலம் திறந்திருப்பதனால் ஓட்டை எங்கே என்பது கள்வருக்கும் தெரிந்துவிடும். பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்காவிட்டால், ஒரு நாள் இடியில் மூன்றாண்டு உழைப்பு எரிந்துபோகும்.

பராமரிப்புக் குறைவு திறந்தமூலத்தை மட்டுமே தாக்கும் என்பதன்று. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி கப்பங் கேட்போரால் தாக்கப்பட்டு, அரச அலுவலகங்களின் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் அழிந்தன. அங்கே இயங்கியது விலைகொடுத்து வாங்கிய மைக்ரோசொப்ட் மென்பொருள். பணமின்மையால் அது புதுப்பிக்கப்படாமல் 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே நின்றுவிட்டது. காப்பாரற்ற வீட்டுக்கு விலையுயர்ந்த பூட்டாலும் காவல் இல்லை என்பதற்கு இது சான்று. அரசின் தலைமைக் கணினிக்கே இந்நிலை என்றால், நான்கு ஆசிரியர் உள்ள தோட்டப் பாடசாலை தனியே ஒரு சேவையகத்தைக் காக்கும் என எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இரண்டாவது குறை, ஒருவரை நம்பியிருத்தல். ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் தம் முயற்சியால் யாவற்றையும் நிறுவுகிறார். தளம் இரண்டு ஆண்டுகள் செழிக்கிறது. அவருக்கு இடமாற்றம் வருகிறது. கடவுச்சொல் அவரோடு போய்விடுகிறது. மறு தவணையில் தளம் மூடிக் கிடக்கிறது. மலையகப் பாடசாலைகளில் ஆசிரியர் இடமாற்றம் எவ்வளவு சாதாரணம் என்பதைப் பெற்றோர் நன்கறிவர்.

மூன்றாவது குறை, சிக்கலான அமைப்பு. மூடில் பல்கலைக்கழகத்துக்கும் பாலர் வகுப்புக்கும் ஒருங்கே பொருந்துமாறு ஆக்கப்பட்டது. ஆதலின் அதில் தெரிவுகள் ஏராளம். ஒரு சிறு பரீட்சையை அமைக்க முற்படும் ஆசிரியர் முன் பல பக்க நீளத்துக்கு வினாக்கள் விரியும். பயிற்சி பெறாதவர் மலைத்துப்போய் வட்ஸ்அப்புக்குத் திரும்புவது இயல்பே. இடர் வந்தபின் கற்றுக்கொள்ளக்கூடிய கருவியன்று இது. கிளாஸ்ரூம் போன்றவை இவ்வகையில் வெகு எளியன என்பதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல அலைவசதியும் சிறிய மாணவர் தொகையும் உள்ள பாடசாலை அதைத் தற்காலத்துக்குப் பயன்படுத்துவதிலும் தவறில்லை.

நான்காவது குறை தமிழ் பற்றியது. மூடிலுக்குத் தமிழ் மொழியாக்கம் உண்டு. ஆயினும் அது முழுமை பெறவில்லை. ஒரே பக்கத்தில் பாதி தமிழும் பாதி ஆங்கிலமும் கலந்து தோன்றுவதுண்டு. நம் பாடசாலைகளின் பழைய வினாத்தாள்களுள் பல ‘பாமினி’ எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. அவற்றை அப்படியே இணையப் பக்கத்தில் ஒட்டினால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குழம்பித் தெரியும். யூனிகோட் எழுத்துக்கு மாற்றிய பின்னரே இட முடியும். குறுவிடை வினாக்களிலும் தொல்லையுண்டு. ஆசிரியர் ‘நுவரெலியா’ என விடை குறித்திருக்க, பிள்ளை ‘நுவரேலியா’ என எழுதினால் மென்பொருள் இரக்கமின்றிப் பூச்சியம் இடும். ஏற்கத்தக்க வடிவங்கள் அனைத்தையும் ஆசிரியரே முன்கூட்டி எழுதிவைத்தல் வேண்டும். ஆனால் இக்குறைக்கு மருந்தும் திறந்தமூலத்திலேயே உண்டு. தமிழாக்கத்தை நிறைவு செய்ய எவரும் முன்வரலாம். நிறுவனத்தின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது குறை கருவியின் குறையன்று, அதனைக் கையாளும் முறையின் குறை. இடம் இருக்கிறதென்று நூறு பக்கக் கோப்புகளை ஏற்றிவிட்டு, ‘தளம் தயார்’ என அறிவிப்போர் பலர். அது கிடங்காகுமேயன்றி வகுப்பாகாது. நான்கு பத்தி விளக்கம், ஒரு படம், பத்து வினா, பிழைத்தால் ஒரு விளக்கம் என்று அமைந்த ஒரு சிறு பாடம், அத்தகைய நூறு கோப்புகளினும் மேலானது.

இணையமின்றியும் இயலும்

மேற்கூறிய குறைகளுள் மிகப் பெரிதாகத் தோன்றும் அலைக் குறைவுக்கு ஒரு மாற்றுவழி உண்டு. திறந்தமூலத்தின் பெருமை அங்கேதான் முழுவதும் விளங்குகிறது எனலாம். மென்பொருள் நம் கையில் இருப்பதால், அதை இணையத்தில் வைக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. பாடசாலைக்குள்ளேயே வைக்கலாம்.

‘ராஸ்பெரி பை’ என்று உள்ளங்கை அளவிலான ஒரு கணினி 2012 முதல் பிரித்தானியாவிலிருந்து வருகிறது. கைத்தொலைபேசியின் மின்னூட்டி போன்ற சிறிய மின்னிணைப்பில் அது இயங்கும். மின்தடை நேர்ந்தால் பவர் பாங்க் கொண்டும் சிறிது நேரம் ஓட்டலாம். அதில் ‘மூடில்பொக்ஸ்’ என்னும் திறந்தமூல ஏற்பாட்டை நிறுவினால், அப்பெட்டியே வைபை அலையைப் பரப்பும். ஒரு வகுப்பு மாணவர் தம் தொலைபேசியையோ பாடசாலையின் டப் கருவியையோ அதனோடு இணைத்துப் பாடம் பயிலலாம். டேட்டாச் செலவு இல்லை. வெளியே தொலைபேசிக் கோபுரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

இவ்வாறு இணையமற்ற இடங்களுக்கென்றே ஆக்கப்பட்ட மற்றொரு திறந்தமூல மென்பொருள் ‘கோலிப்ரி’. ஓசனிச்சிட்டின் பெயர் பூண்ட அது, பழைய கணினியிலும் இயங்கும். ஒரு கணினியிலுள்ள பாடங்களை மற்றொரு கணினிக்கு இணையமின்றியே கொடுக்கும். மூடிலைவிட எளியது. அதிலுள்ள ஆயத்தப் பாடங்களில் பெரும்பகுதி பிறமொழிகளில் இருப்பதால், நம் பாடத்திட்டத்துக்கேற்ற தமிழ்ப் பாடங்களை நாமே ஆக்கி இடல் வேண்டும் என்பதே தடை. மூடிலின் கைத்தொலைபேசிச் செயலியிலும் ஓர் வசதி உண்டு. அலை கிடைக்கும் இடத்தில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, லயத்துக்குச் சென்று படிக்கலாம். ஆசிரியர் அனுமதித்திருந்தால் பயிற்சி வினாக்களுக்கும் அங்கிருந்தே விடையெழுதலாம். மறுமுறை அலைக்குள் வந்ததும் விடைகள் தாமே ஆசிரியரைச் சேரும்.

இதற்கும் எல்லையுண்டு. பெட்டியின் அலை பாடசாலை வளவைத் தாண்டாது. பாடசாலை பல மாதம் பூட்டிக் கிடந்தால் அதனாற் பயனில்லை. அத்தகைய வேளையில் அப்பெட்டியைத் தோட்டத்துச் சனசமூக நிலையத்துக்கோ, கோவில் மண்டபத்துக்கோ கொண்டுசென்று வைக்க முடியும் என்பது ஒன்றே ஆறுதல்.

எவர் எதைச் செய்வது?

2020இல் பல்கலைக்கழகம் நிமிர்ந்ததும் பாடசாலை தளர்ந்ததும் ஏன் என்ற வினாவுக்கு இப்போது விடை தெளிவாகிறது. மென்பொருள் இரு பாலாருக்கும் பொதுவாயிருந்தது. மென்பொருளைக் காக்கும் ஆளும், அதைக் கையாளப் பயின்ற ஆசிரியரும், அதைச் சென்றடையும் வழியும் ஒருபாலார்க்கே இருந்தன. திறந்தமூலத்தில் மென்பொருளுக்கு விலையில்லை. ஆளுக்கு விலையுண்டு. மென்பொருளில் மிச்சமாகும் பணத்தை ஆளுக்குச் செலவிடாத பாடசாலைக்குத் திறந்தமூலம் சுமையாகவே முடியும். செலவிடும் பாடசாலைக்கு அது வரமாகும். எமது முடிபு இதுவே.

ஆகவே பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். சேவையகமும் பாதுகாப்பும் பிரதியெடுத்தலும் கல்வி அமைச்சும் மாகாணக் கல்வித் திணைக்களமும் ஏற்கவேண்டிய வேலைகள். வலயக் கல்வி அலுவலகம் ஒவ்வொன்றிலும் இப்பணிக்கென ஓர் அலுவலர் இருத்தல் வேண்டும். பாடசாலைகளின் ஐயங்களைத் தமிழிலே தீர்க்கவும், ஒரு பாடசாலையின் நல்ல பாடத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லவும் அவரே பாலமாவார். பத்தனைக் கல்லூரியில் பயிலும் ஆசிரிய மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பாடத்தை முழுமையாக அமைத்துப் பழகினால், சில ஆண்டுகளில் மலையகத்துக்கெனத் தமிழ்ப் பாடக் களஞ்சியம் ஒன்றே உருவாகிவிடும்.

பெற்றோர் செய்யத்தக்கதும் உண்டு. உங்கள் பாடசாலையில் இத்தகைய ஏற்பாடு தொடங்கும்போது, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஐந்து வினாக்களைத் தயங்காமற் கேளுங்கள். இதைக் கவனிக்கும் ஆசிரியர் இடமாற்றம் பெற்றால் அடுத்தவர் யார்? பிள்ளைகளின் பதிவுகள் எங்கே உள்ளன? அவற்றின் பிரதி வேறிடத்தில் உண்டா? அலை இல்லாத வீட்டுப் பிள்ளை எவ்வாறு பயிலும்? தமிழில் பாடங்கள் எத்தனை ஆயத்தமாக உள்ளன? இவற்றுக்கு விடை கிடைத்தால் ஒத்துழையுங்கள். விடை இல்லையெனில், கணினி வாங்கும் முன்னர் விடையைத் தேடச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். கணினி அறையில் ஒரு பழைய பெட்டி தூசி படிந்து கிடந்தால், ஆசிரியரின் அனுமதியோடு அதைத் துடைத்து இயக்கிப் பாருங்கள். மூடிலையும் கோலிப்ரியையும் நிறுவிப் பழக எவருக்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டியதில்லை. பிழைத்தால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். பாமினியில் உள்ள பத்து வினாக்களை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுப்பதும் உங்கள் தம்பி தங்கையருக்குச் செய்யும் தொண்டே. நம் பாடசாலைகளுக்கு வேண்டிய பராமரிப்பாளர் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருப்பதிலும், இம்மலைகளிலேயே உருவாகி வருவது விரைவில் நடக்கக்கூடியது.